பேப்பர் எங்கே?

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் பழைய மாணவர் சங்கத்தின் ஜேர்மனிக் கிளைச் செயலாளர் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை, பிள்ளைகள் என்று சொல்லித் தட்டிக்கொண்டே வந்தேன். இந்த மாசியில் சித்திர மாஸ்டர் காலமானார். இனியும் எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

பெயர் எழுதத் தேவையில்லை. சித்திர மாஸ்டர் என்றால் நமக்கெல்லாம் ஒருவர்தான். மதிலோரத்து அறை, வெள்ளிக்கிழமைக் கடைசி இரண்டு பாடங்கள், மேசைக்குப் பின்னால் அந்தத் தகரப் பெட்டி.

நான் சொல்ல வந்தது 1993இல் நடந்தது. நாங்கள் ஒன்பதாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் போர்க்காலம், மின்சாரம் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. வர்ணப் பெட்டியைக் கடையில் கண்டவர் இல்லை. மாஸ்டர் செங்கல்லை இடித்துச் சலித்துச் சிவப்பும், அடுப்புக்கரியை அரைத்துக் கறுப்பும், மஞ்சளைக் கரைத்து மஞ்சளும் செய்து சிரட்டைகளில் வைத்திருப்பார். அந்தச் சிரட்டைகளை அடுக்கி வைக்கும் வேலை என்னுடையது. வகுப்பில் நன்றாகப் படம் கீறுபவன் நான் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் பழைய பத்திரிகைக் கட்டொன்றைக் கொண்டுவந்து ஆளுக்கொரு தாள் தந்தார். "திங்கட்கிழமை இதிலை ஏதும் செய்துகொண்டு வாருங்கோ. கத்தரிக்கோல் வேண்டாம், பசை வேண்டாம். பேப்பருக்குள்ளை என்ன இருக்கெண்டு பேப்பரே காட்ட வேணும்." அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு அந்தக் கட்டளை விளங்கவில்லை. விளங்காததைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. கூப்பனுக்குக் கிடைத்த கோதுமை மாவில் ஒரு பிடியை அம்மாவிடம் கெஞ்சி வாங்கிப் பசை காய்ச்சினேன். அக்காவின் கத்தரிக்கோல். இரண்டு இரவு, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், நல்லூர்த் தேர் ஒன்று கட்டினேன். ஐந்து தட்டு, சில்லு, கொடி, வடக்கயிறு எல்லாம் இருந்தன. திங்கட்கிழமை அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தபோது பெடியங்கள் கைதட்டினார்கள்.

மாஸ்டர் தேரைச் சுற்றி வந்து பார்த்தார். கொடியை ஒரு விரலால் தொட்டார். "தேர் நல்லாயிருக்கு" என்றார். பிறகு, "பேப்பர் எங்கே?" என்றார். நான் பேசாமல் நின்றேன். "உம்மைத்தான் கேட்கிறன். இதைத் தகரத்திலை செய்தாலும் இப்பிடித்தான் இருக்கும், பலகையிலை செய்தாலும் இப்பிடித்தான் இருக்கும். பேப்பர் எங்கே?"

அப்புறம் அவர் கடைசி வாங்குக்குப் போனார். அங்கே இருந்த என் நண்பன் வீட்டு வேலையை மறந்துவிட்டு வந்தவன். மணி அடிக்கிற நேரத்தில் தாளை விசிறி போல முன்னும் பின்னுமாக மடித்து மேசையில் நிறுத்தி வைத்திருந்தான். மாஸ்டர் அதன் மேல் கரும்பலகை டஸ்டரை வைத்தார். தாள் நின்றது. சோக்குப் பெட்டியையும் வைத்தார். அதற்கும் நின்றது. "எல்லாரும் வந்து பாருங்கோ. விழுந்து கிடக்கிற தாள் இது. ஒரு சாமானும் சேர்க்கேல்லை. மடிச்சதுக்குப் பாரம் தாங்குது." நாற்பது பேரும் எழும்பி என்னைக் கடந்து கடைசி வாங்குக்குப் போனார்கள். நான் தேரோடு கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். அன்று பின்னேரம் குசினிக்குப் பின்னால் வைத்து அதை எரித்தேன்.

அதன்பின் சிரட்டை அடுக்கவில்லை. சாதாரண தரத்துக்குச் சித்திரத்தை விட்டு வேறு பாடம் எடுத்தேன். மாஸ்டர் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். இரண்டு வருடம் அப்படியே போனது.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றி நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மழை, நாவற்குழிப் பாலம், அடிக்கு அடி நின்று நின்று போன சனம். அந்தச் சனத்துக்குள் மாஸ்டரைக் கண்டேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கரியரில் அந்தத் தகரப் பெட்டி, ஒரு பக்கம் சாய்ந்து விழப் பார்த்தது. "தம்பி, இதிலை ஒரு கை பிடியும்" என்றார். என்னைத்தான் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை. அம்மாவைத் தவறவிட்டுவிடுவேன் என்ற பயம் இருந்தது, அது உண்மை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை.

1996இல் ஜேர்மனிக்கு வந்தேன். எஸனில் குடியேறினேன். இருபது வருடத்துக்கு மேலாக யன்னல் பொருத்தும் வேலை.

போன வருடம் மகளுக்கு வைமாரில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே பௌஹவுஸ் இருக்கிறது. புரட்டாசியில் அவளுடைய சாமான்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, "அப்பா, டெஸ்ஸாவுக்கும் போவம், உங்களுக்குப் பிடிக்கும், அங்கே முழுக்க யன்னல்தான்" என்றாள். சரி என்று போனோம்.

பௌஹவுஸ் 1919இல் வைமாரில் வால்டர் குரோபியஸ் தொடங்கிய பள்ளிக்கூடம். 1925இல் டெஸ்ஸாவுக்கு இடம்பெயர்ந்தது. குரோபியஸ் வரைந்த கட்டடம் 1926 டிசெம்பர் 4இல் திறக்கப்பட்டது. பட்டறைப் பக்கம் மூன்று மாடி உயரத்துக்கு முழுக்கக் கண்ணாடி, இரும்புச் சட்டம். உள்ளே போனதும் என் கண் யன்னல் திறக்கும் பொறியில்தான் போய் நின்றது. சுவரோரம் ஒரு சில்லு. அதைச் சுற்றினால் சங்கிலி இழுபட்டு, வரிசையிலுள்ள கண்ணாடிகள் எல்லாம் ஒன்றாகச் சரிந்து திறக்கின்றன. சங்கிலியை மறைக்க ஒரு மூடியும் இல்லை. எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சின்னப் பிள்ளை பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒற்றைக் கண்ணாடி என்பதால் கோடையில் வெக்கையும் மாரியில் குளிரும் அங்கே இருந்தவர்களை வாட்டியிருக்கிறது. என் தொழிலில் அது பெரிய குறை. ஆனாலும் அந்தச் சில்லுக்கு முன்னால் கனநேரம் நின்றேன். 1945 மார்ச்சில் விழுந்த குண்டில் இந்தக் கண்ணாடிச் சுவர் போய், 1976இல்தான் மறுபடி எழுந்ததாம்.

அடுத்த அறையில் ஒரு கதிரை. வளைத்த இரும்புக் குழாயில் பட்டிகளை இழுத்துக் கட்டியது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தக் கதிரையை எனக்குத் தெரியும். மாஸ்டரிடம் மட்டை இல்லாத ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்ததே, உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அதில் இந்தக் கதிரையின் படத்தைக் காட்டி, "சைக்கிள் ஹாண்டிலைப் பார்த்துத்தான் இதைச் செய்தவன், போய் உங்கடை சைக்கிளைப் பாருங்கோ" என்று எங்களைச் சைக்கிள் கொட்டிலுக்கு அனுப்பியவர் அவர். செய்தவர் மார்செல் பிராயர், ஆண்டு 1925. டெஸ்ஸாவில் அவர் சைக்கிள் ஓடும்போது வந்த யோசனை அது என்று வழிகாட்டி சொன்னார்.

பிறகு அவர் எங்களை முதலாண்டு மாணவர்கள் இருந்த வகுப்பறைக்குக் கூட்டிப்போனார். ஆரம்பப் பாடத்தை நடத்தியவர் ஜோசெப் அல்பெர்ஸ். ஒருநாள் அவர் பத்திரிகைக் கட்டோடு வகுப்புக்கு வந்து ஆளுக்கொன்று கொடுத்தாராம். தாளின் குணத்தை மதித்து ஏதாவது செய்யுங்கள், கத்தியும் கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல் செய்தால் நல்லது என்று சொல்லிவிட்டு வெளியே போனாராம். திரும்பி வந்து பார்த்தால் கோட்டை, கப்பல், முகமூடி. அவற்றையெல்லாம் இரும்பிலோ வேறெதிலோ செய்திருக்கலாம் என்று ஒதுக்கிவிட்டு, ஹங்கேரியிலிருந்து வந்த ஒரு மாணவர் சும்மா நீளவாக்கில் மடித்து நிறுத்தியிருந்த தாளைத்தான் எடுத்துக் காட்டினாராம். துவண்டு கிடக்கும் தாள் ஒரு மடிப்பில் நிமிர்ந்து நிற்கிறது என்று.

மகள் என்னைப் பார்த்து, "அப்பா, ஏன் அழுறீங்கள்?" என்றாள். வெளியே வந்து படியில் இருந்தேன். அவளுக்குத் தேர்க் கதையை முதல் முறையாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அல்பெர்ஸைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். பிறந்தது 1888, பொட்ரொப்பில். எஸனுக்குப் பக்கத்து ஊர்! எத்தனை யன்னலை அங்கே மாட்டியிருப்பேன். அவர் பெயரில் உள்ள அரும்பொருட்காட்சியகத்துக்கு வழிகாட்டும் பலகையை எத்தனை தரம் கடந்திருப்பேன். ஆரம்பப் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். 32 வயதில் எல்லாவற்றையும் விட்டு வைமாரில் மாணவனாகச் சேர்ந்தார். பொருள் வாங்கக் காசில்லை. முதுகுப்பையும் சுத்தியலுமாகக் குப்பைமேட்டுக்குப் போய் உடைந்த போத்தல்களைப் பொறுக்கி வந்து கண்ணாடிச் சித்திரங்கள் செய்தார். போர் முடிந்த கையோடு வந்த பஞ்சக் காலம் அது. 1923இல் காசின் பெறுமதி விழுந்த வேகத்தில், பத்து இலட்சம், இருபது இலட்சம் மார்க் நோட்டுகளை அந்த மாநிலத்துக்கு வரைந்து கொடுத்தவரும் பௌஹவுஸ் மாணவர் ஹெர்பெர்ட் பாயர்தான். இதையெல்லாம் வாசிக்கும்போது சிரட்டையும் செங்கல் தூளும் ஜாம் போத்தலும் கண்ணுக்குள் வந்து நின்றன.

பௌஹவுஸை நவீனமான கதிரை, வெள்ளைச் சுவர் என்று பேசுகிறார்கள். விலையைப் பார்த்தால் அது பணக்காரரின் சங்கதி போலத்தான் தெரியும். என்னைக் கேட்டால் அதன் வேர் அந்தக் குப்பைமேட்டில் இருக்கிறது. கையில் இருப்பது இவ்வளவுதான், இதை வீணாக்காமல் என்ன செய்யலாம் என்ற கேள்வியை மாஸ்டர் எங்கள் வகுப்புக்குள் கொண்டுவந்தார். அதுவும் பொம்பர் சத்தம் கேட்டால் பங்கருக்கு ஓடிய நாளில். பௌஹவுஸ் என்ற சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கேள்வியை நான் அவமானமாக எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் 14 வருடமே இருந்தது. 1932இல் நாசிகளின் கையிலிருந்த டெஸ்ஸாவ் நகரசபை அதை மூடியது. பேர்லினில் ஒரு பழைய தொலைபேசித் தொழிற்சாலைக்குள் கொஞ்ச நாள் நடந்து, 1933இல் அதுவும் நின்றது. அல்பெர்ஸ் யூத இனத்தவரான மனைவி அன்னியோடு அமெரிக்கா போனார். ஆங்கிலம் தெரியாமல் போய், அங்கும் ஆசிரியராகவே இருந்தார். மொழி தெரியாத ஊரில் போய் இறங்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். அவர் தன் பாடத்தைக் கூடவே கொண்டுபோனார். நான் ஒன்றும் கொண்டுவரவில்லை.

மாஸ்டருடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. கடைசி வாங்கு நண்பன் தந்தது. அவன் வெளிநாடு வராமல் அங்கேயே இருந்து கணிதம் படிப்பிக்கிறான். டெஸ்ஸாவிலிருந்து திரும்பிய கிழமையே எடுக்க நினைத்தேன். முப்பது வருடத்துக்குப் பிறகு எப்படித் தொடங்குவது? மார்கழி லீவில் ஆறுதலாகக் கதைப்போம் என்று வைத்தேன். பிறகு தைப்பொங்கலுக்கு எடுத்தால் வாழ்த்துச் சொல்லித் தொடங்கலாம் என்று நினைத்தேன். மாசியில் நண்பன் எடுத்துச் செய்தி சொன்னான். பாடை காவியவர்களில் அவனும் ஒருவன்.

போன மாதம் அவன் இன்னொன்றும் சொன்னான். மாஸ்டரின் மனைவி தகரப் பெட்டியை அவனிடம் ஒப்படைத்திருக்கிறார். மேலே அந்த மட்டையில்லாப் புத்தகம். பத்திரிகைத் தாள் பாடம் வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், "ஒன்பதாம் ஆண்டு. பசை வேண்டாம்" என்று எழுதியிருக்கிறதாம். அதற்குக் கீழே முழுக்க எங்கள் படங்கள். பாலம் கடந்த இரவில் அவர் கொண்டுபோனது அதைத்தான்.

வியன்னாவில் பிறந்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸும் வைமார் பௌஹவுஸில் படித்தவர். 1942 டிசெம்பரில் நாசிகள் அவரைத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பிள்ளைகளுக்கு, தான் வைமாரில் கற்ற பயிற்சிகளை வைத்தே சித்திரம் சொல்லிக்கொடுத்தார். 1944 ஒக்ரோபரில் அவரை அவுஷ்விற்சில் கொன்றார்கள். பிள்ளைகள் வரைந்த ஏறத்தாழ 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் தப்பி, இன்று பிராகாவில் இருக்கின்றன. இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு பக்கம் சாய்ந்த பெட்டியும், "ஒரு கை பிடியும்" என்ற குரலும்தான்.

ஆகவே கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியில் 600க்கு மேல் தாள்கள் இருக்கின்றன. சிலதைக் கறையான் தொட்டுவிட்டது. ஒவ்வொன்றின் பின்னாலும் மாஸ்டரின் கையெழுத்தில் பெயரும் வகுப்பும் உண்டு. லீவில் ஊருக்குப் போகிறவர்கள் நண்பனின் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். நல்ல தாள் உறையும் பூட்டுள்ள அலுமாரியும் வாங்க நான் காசு அனுப்பியிருக்கிறேன், இன்னும் தேவைப்படும்.

என்னுடைய படம் ஏதும் இருக்கிறதா என்று நண்பனிடம் கேட்டேன். இரண்டு பின்னேரம் இருந்து தேடினானாம். இல்லை என்றான்.