போனில் இருந்து மெயில் அனுப்ப வழி செய்த கதை

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் கல்வி வட்டத்துக்குச் சொந்தமாக ஒரு மெயில் சேர்வர் இருக்கிறது. டெபியன் 12 என்ற லினக்ஸ், அதில் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், மெயில் பெட்டிகளையும் கடவுச்சொற்களையும் பார்த்துக்கொள்ளும் டவ்காட்டும். மெயில் வருவதில் ஒரு குறையும் இல்லை, அனுப்புவதில்தான் பிரச்சினை. அலுவலகத்தில் இருந்து அனுப்பினால் போகும். வீட்டில் இருந்து போனில் அனுப்பினால் 'ரிலே அக்சஸ் டினைட்' (வெளியே அனுப்ப அனுமதி இல்லை) என்று திரும்பிவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் நம்பியது அலுவலக ஐபி (இணைய முகவரி எண்) ஒன்றைத்தான். போன் டேட்டாவில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். அந்த நெட்வொர்க் முழுவதையும் நம்பச் சொன்னால், அதில் இருக்கும் யாரும் எங்கள் பெயரில் குப்பை மெயில் அனுப்பலாம். அதனால் ஐபியை விட்டுவிட்டு, ஆளைப் பார்த்து அனுமதிக்க முடிவு செய்தேன்.

ஆசிரியர் எவருக்கும் லினக்ஸ் கணக்கு கொடுக்கவில்லை. மெயில் கடவுச்சொல் ஒன்று பறிபோனாலும், அதை வைத்துச் சேர்வருக்குள் யாரும் லாகின் ஆகக்கூடாது. டவ்காட் வழமையாக லினக்ஸ் பயனர்களைத்தான் பார்க்கும். அதை நிறுத்திவிட்டு, தனிப் பயனர் கோப்பு ஒன்றைப் பார்க்க வைத்தேன். அதில் முழு மெயில் முகவரியும் எஸ்எச்ஏ512-கிரிப்ட் ஹாஷும் (கடவுச்சொல்லைத் திருப்பி எடுக்க முடியாதபடி மாற்றிய வடிவம்) மட்டுமே இருக்கும்.

போஸ்ட்ஃபிக்ஸ் தானாகக் கடவுச்சொல் சரிபார்க்காது. வாசலில் நிற்கும் காவலாளி உள்ளே போன் போட்டுக் கேட்பதுபோல, ஒரே கணினியில் ஓடும் நிரல்கள் பேசிக்கொள்ளும் வழியான யுனிக்ஸ் சாக்கெட் மூலம் டவ்காட்டிடம் கேட்கும். இங்கேதான் அதிக நேரம் போனது. சாக்கெட்டே இல்லை என்று லாக் (சேர்வரின் பதிவேடு) சொல்லிக்கொண்டே இருந்தது. டெபியன் 12இல் போஸ்ட்ஃபிக்ஸின் பெரும்பாலான பகுதிகள், மெயில்களை வைக்கும் தன் ஸ்பூல் அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) அடைபட்டு ஓடும், வெளியே உள்ள எதுவும் அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. டவ்காட் அந்த அடைவுக்குள்ளேயே சாக்கெட்டைத் திறக்க வேண்டும். அதற்கான வரிகள் டவ்காட் அமைப்புக் கோப்பில் ஏற்கெனவே உண்டு, ஆனால் கமென்ட் ஆகி, அதாவது செயல்படாமல், கிடக்கும். அவற்றை எழுப்பி, உரிமையாளராக போஸ்ட்ஃபிக்ஸைப் போட்டு, அனுமதியை 0660 (உரிமையாளரும் அவர் குழுவும் மட்டும் வாசிக்கவும் எழுதவும்) ஆக்கி, இரண்டையும் ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது.

மெயில் அனுப்புவதற்கான லாகினை 587ஆம் போர்ட்டில் (சேர்வரின் இணைப்பு வாசல்) மட்டும் திறந்தேன், அதுவும் இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் கட்டாயம். டிஎல்எஸ் இல்லாவிட்டால், 'பிளெயின்' என்ற லாகின் முறையில் கடவுச்சொல் வெறும் பேஸ்64 ஆக, எளிதில் திருப்பக்கூடிய எழுத்துக்களாகத்தான் போகும், வழியில் பிடிக்கிற எவரும் வாசித்துவிடலாம். 25ஆம் போர்ட் மற்ற சேர்வர்களிடம் இருந்து மெயில் வாங்க மட்டும்.

அலுவலக ஐபிக்கு இருந்த சலுகையையும் எடுத்தேன். அப்புறம் ஒரு டீச்சர் கூப்பிட்டார்: "சேர், போன்ல போகுது, ஒஃபிஸ் கம்பியூட்டர்ல மட்டும் பாஸ்வேர்ட் கேட்டுக்கிட்டே இருக்கு." அங்கே இருப்பது பழைய அவுட்லுக். அதற்கு 'லாகின்' என்ற முறை வேண்டும், டவ்காட் இயல்பாகக் கொடுப்பதோ 'பிளெயின்' மட்டும். பட்டியலில் 'லாகின்' சேர்த்ததும் வேலை செய்தது.

இதோடு விட எனக்கு மனமில்லை. உள்ளே வந்த ஒருவர் இன்னொருவர் முகவரியில் அனுப்ப முடிந்தால், அதிபர் பெயரில் பெற்றோருக்கு யாரும் கடிதம் போட்டுவிடலாம். எந்த முகவரி எந்தப் பயனருக்குச் சொந்தம் என்று ஒரு பட்டியல் கொடுத்து, பொருந்தாவிட்டால் மறுக்கும்படி வைத்தேன். என் கணக்கில் நுழைந்து அதிபர் முகவரியில் அனுப்பிப் பார்த்தேன். 553 என்ற மறுப்பு எண்ணோடு உடனே மறுத்துவிட்டது. லாகில் அனுப்ப முயன்ற பயனராக என் முகவரி பதிவாகியிருந்தது.