சைபர் பாதுகாப்பு லேப்: தாக்கக் கற்றால் மட்டும் போதாது

பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் சைபர் பாதுகாப்புப் பாடம் ஒரே மாதிரிதான் நடக்கிறது. தாக்குதல் கருவிகள் நிறைந்த காலி லினக்ஸ் (Kali) இயங்குதளத்தை ஏற்றுவார்கள், ஓட்டைகளைத் தாக்க உதவும் மெட்டாஸ்ப்ளாய்ட் கருவியில் நான்கு வரி தட்டுவார்கள், எதிர்க் கணினி வசமானதும் வகுப்பு முடிந்துவிடும். உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தத் துறைக்குள் நுழைகிறவர்களில் பலர் முதலில் போய் உட்காருவது எஸ்ஓசி எனப்படும் கண்காணிப்பு மையத்தில். குவிந்து கிடக்கும் அலர்ட்டுகளில் எது உண்மையான ஊடுருவல், எது வெறும் இரைச்சல் என்று பிரித்துச் சொல்வதுதான் அங்கே வேலை. ஆகவே பாடத்திட்டம் போடுகிறவர்களுக்கு நான் வலியுறுத்தும் விதி ஒன்றுதான்: தாக்குதல் விட்டுச்சென்ற தடத்தை மாணவர் கண்டுபிடித்துக் காட்டிய பிறகே அந்தப் பயிற்சி முடிந்ததாகக் கணக்கு.

முதல் மாதம் முழுக்க நெட்வொர்க்கும் லினக்ஸும். ஓவர்தவயர் என்ற இணையதளத்தின் பேண்டிட் பயிற்சி இலவசம், லினக்ஸ் கட்டளைகள் கைக்குப் பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது எஸ்எஸ்எச்-ஐ, அதாவது தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும் இணைப்பை, வழக்கமான 22-ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசலில்) அல்ல, 2220-இல் நடத்துகிறது. கல்லூரி ஃபயர்வால் அதை அடைத்திருந்தால் மொத்த வகுப்பும் முதல் படியிலேயே நின்றுவிடும். முந்தின வாரமே சிஸ்டம் அட்மினிடம் சொல்லித் திறந்து வையுங்கள்.

அடுத்து லேப். வெர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் மெஷின்களை ஓட்டப்போகிறோம். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் காலிக்கு 4 ஜிபி, விண்டோஸுக்கு 4 ஜிபி, தாக்கிப் பழகுவதற்கான இலக்கான மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் 2-க்கு 1 ஜிபி என்று பிரித்தால் மூன்றும் சேர்ந்து ஓடும். 8 ஜிபிதான் என்றால் ஒரு நேரத்தில் காலியும் ஓர் இலக்கும் மட்டும். பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்பில்) மெய்நிகர் மெஷின்களுக்குத் தேவையான விர்ச்சுவலைசேஷனை இயக்கியிருக்கிறார்களா என்று முன்கூட்டியே பாருங்கள். விண்டோஸின் சொந்த மெய்நிகர் மெஷின் வசதியான ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருந்தால் வெர்ச்சுவல்பாக்ஸ் ஆமை வேகத்துக்கு இறங்கிவிடும்.

எல்லா மெஷின்களின் லாக்குகளையும் (நிகழ்வுப் பதிவுகளையும்) ஓரிடத்தில் சேர்த்து அலர்ட் தர வாசு (Wazuh) போதும். திறந்த மூல மென்பொருள், கட்டணமில்லை. 25 ஏஜென்ட் (மெஷினில் நிறுவி லாக்கை அனுப்ப வைக்கும் நிரல்) வரை 4 கோர், 8 ஜிபி ரேம், 50 ஜிபி டிஸ்க் உள்ள ஒரே சர்வர் தாங்கும். இருவருக்கு ஒரு மேசை என்று அமர்த்தினால் 30 பேர் வகுப்பு இந்த அளவுக்குள் அடங்கும்.

நெட்வொர்க் அமைப்பில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். வெர்ச்சுவல்பாக்ஸின் ஹோஸ்ட்-ஒன்லி முறை பாதுகாப்பானது, ஆனால் அது அந்தந்தக் கணினிக்குள்ளேயே முடிந்துவிடும். பொது வாசு சர்வரை எட்டாது. பிரிட்ஜ்டு முறை எட்டும், ஆனால் வேண்டுமென்றே ஓட்டைகளோடு கட்டப்பட்ட ஒரு மெஷினைக் கல்லூரி நெட்வொர்க்கில் திறந்துவிடும். தீர்வு எளிது: பிரிட்ஜ்டு முறையையே வைத்து, லேபுக்குத் தனி ஸ்விட்ச். தேவையானவற்றை எல்லாம் இறக்கிக்கொண்ட பிறகு, தாக்குதல் பயிற்சி தொடங்கும் வாரத்தில் வெளி நெட்வொர்க்குக்குப் போகும் அதன் அப்லிங்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். வைஃபையையும் அணைக்க மறக்க வேண்டாம்.

தயார் செய்த மெஷினை பென்டிரைவில் எடுத்து எல்லாக் கணினிக்கும் அப்படியே நகலெடுப்பது வழக்கம். நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரியும் சேர்ந்தே நகலாகும், ஐபி மோதும். வாசு ஏஜென்டின் சாவியும் நகலாவதால் பத்து கணினிகள் ஒரே பெயரில் மாறிமாறித் தலைகாட்டும். நகலெடுத்த பிறகு மேக் முகவரியைப் புதிதாக உருவாக்கி, ஏஜென்டை அந்தந்த மெஷினில் மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

நேரமும் அப்படித்தான். ஸ்னாப்ஷாட்டிலிருந்து (சேமித்து வைத்த பழைய நிலையிலிருந்து) மீட்ட மெஷினின் கடிகாரம் பின்தங்கலாம்; ஒன்று யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் இன்னொன்று இந்திய நேரத்திலும் இருந்தால் ஐந்தரை மணி நேரம் இடிக்கும். தாக்குதலுக்கு முன்பே அலர்ட் வந்ததுபோல் தெரியும், மாணவர் குழம்பிப்போவார். இணையம் துண்டித்த லேபில் வாசு சர்வரிலேயே நேரத்தை ஒத்திசைக்கும் க்ரோனியை நிறுவி, எல்லா மெஷின்களும் அதனிடமிருந்து நேரம் எடுக்கச் செய்யுங்கள்.

பயிற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு. மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் 2-இல் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற சர்வர் மென்பொருள் இருக்கிறது. 2011-இல் அந்தப் பதிப்பின் மூலக் கோப்புக்குள் யாரோ பின்கதவு வைத்துவிட்டார்கள்: பயனர் பெயரில் :) என்ற சிரிப்புக் குறி வந்தால் 6200 போர்ட் திறக்கும், நேரே ரூட் எனப்படும் முழு அதிகாரம். தாக்குவதற்கு ஒரு நிமிடம் போதும். பிறகு லாக்கைத் தேடச் சொல்லுங்கள். வெற்றிகரமான உள்நுழைவு என்று எதுவும் பதிவாகியிருக்காது. நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால்தான் கோப்புப் பரிமாற்றத்துக்கான 21-ஆம் போர்ட்டை அடுத்து 6200-க்குப் போன இணைப்பு தெரியும். லாக் எங்கே ஊமையாகிவிடும் என்பதை மாணவர் தானே கண்டுபிடிக்கும் இடம் இது, அவசரப்படுத்தாமல் ஒரு முழு வகுப்பு கொடுங்கள்.

விண்டோஸில் கடவுச்சொல் ஊகிக்கும் தாக்குதலை நடத்திவிட்டு 4625 என்ற தோல்விப் பதிவுகளை எண்ணச் சொல்லுங்கள். அவற்றுக்கு நடுவே, தாக்கிய மெஷினிலிருந்தே ஒரு 4624 (வெற்றிகரமான உள்நுழைவு) வந்திருந்தால் உள்ளே வந்துவிட்டார் என்று பொருள். ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் தாக்கினாலும் என்எல்ஏ (திரை திறக்கும் முன்பே அடையாளத்தைச் சரிபார்க்கும் வசதி) இயங்கும்போது தோல்விகள் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான உள்நுழைவு வகை 10 ஆக அல்ல, நெட்வொர்க் உள்நுழைவுக்கான வகை 3 ஆகவே விழும். அது தெரியாதவர் 10-ஐ மட்டும் வடிகட்டிவிட்டு ஒன்றுமில்லை என்பார். எந்த நிரல் ஓடியது என்று பார்க்க 4688 உதவும்; ஆனால் தணிக்கைக் கொள்கையில் அதை இயக்கியிருக்க வேண்டும், கட்டளை வரி தனியே இயக்காமல் பதிவாகாது. மைக்ரோசாஃப்ட்டின் கண்காணிப்புக் கருவியான சிஸ்மானை நிறுவினால் அதன் 1-ஆம் எண் பதிவில் கட்டளை வரியும் சேர்ந்தே வரும்.

சட்டத்தை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். உரிமையாளரின் அனுமதியின்றி, நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு ஒரு கணினிக்குள் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எந்த ஐபி முகவரிகள், எந்த நேரம், யார் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வேலையில் பெனிட்ரேஷன் டெஸ்ட்டுக்கும் (அனுமதியோடு தாக்கிப் பார்க்கும் சோதனைக்கும்) இதே ஒழுங்குதான்.

தேர்வில் கொள்குறி வினா வேண்டாம். இந்திய அரசின் கணினி அவசர உதவி அமைப்பான சேர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட ஆணைப்படி, அதில் பட்டியலிட்ட சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இதையே தேர்வாக்கலாம். ஒரு லாக் தொகுப்பும் பாக்கெட் கோப்பும் கொடுத்து, மூன்று மணி நேரத்தில் இரண்டு பக்க அறிக்கை கேளுங்கள்: எப்போது தொடங்கியது, எந்த வழியாக வந்தார்கள், எது பாதிக்கப்பட்டது, இப்போதே செய்ய வேண்டியது என்ன. மொத்த மதிப்பெண்ணில் பாதி நேர வரிசைக்கே. ஆதாரம் காட்டாமல் ஊகத்தை உண்மையாக எழுதினால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். "இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை" என்று எழுதத் துணிந்தவருக்குக் கூட்டிப் போடுங்கள்.