பாண் துகள் மிதந்த பக்கம்

கடந்த ஆண்டு முழுவதும் எனக்கு ஒரே வேலைதான்: விண்வெளிப் பயணத்தைப் பற்றிய ஒரு படப் புத்தகம். 24 பக்கங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும். எழுத்து என்னுடையது, படம் வரைந்தவர் ஒரு சித்திர ஆசிரியை. முடிந்த பக்கங்களைச் சனிக்கிழமைகளில் திருகோணமலை திருக்கடலூரில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

முதல் வரைவில் ராக்கெட்டில் ஏறிய ஆடு, நிலாவில் வடை சுடும் பாட்டி என்று கற்பனை வேடிக்கைகள் நிறைய இருந்தன. பிள்ளைகள் மரியாதைக்குப் புன்னகைத்தார்கள். அவர்களை உண்மையில் சிரிக்க வைத்தவர் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் யங். 1965 மார்ச்சில் ஜெமினி 3 விண்கலத்தில் போனபோது, மேலிடத்துக்குத் தெரியாமல் உடுப்புப் பைக்குள் ஓர் இறைச்சி சான்ட்விச்சை ஒளித்துக்கொண்டு போனார் அவர். கூடப் போன கஸ் கிரிசம் அதில் ஒரு கடி கடித்ததும் பாண் துகள்கள் கலத்துக்குள் மிதக்கத் தொடங்கிவிட்டன. மீதியை அவசரமாகப் பைக்குள் வைத்துவிட்டார். எங்கள் சித்திர ஆசிரியை ஒவ்வொரு துகளுக்கும் இரண்டு சின்னக் கண்கள் வைத்திருந்தார்.

"பிறகு அவருக்கு அடி விழுந்ததா, டீச்சர்?" என்று கேட்டாள் ஒரு சிறுமி.

பேச்சு வாங்கினார் என்றேன். அதே மனிதர் 1972இல் நிலாவில் நடந்தார் என்றதும் ஒரே கைதட்டல். அன்றிரவே ஆட்டையும் பாட்டியையும் நீக்கிவிட்டேன்.

கழிவறைப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார், வரைவைப் பார்த்த பெரியவர் ஒருவர். நான் இணங்கவில்லை. விண்வெளி நிலையத்தில் சிறுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்குகிறார்கள் என்பது, ஆடி மாதத்தில் கிணறு வற்றுவதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு வெறும் சிரிப்புச் சங்கதி அல்ல.

என்னை அதிகம் வாட்டியது மிதக்கும் பக்கம். "அங்கே ஈர்ப்புவிசை இல்லை, அதனால் மிதக்கிறார்கள்" என்று எழுதியிருந்தேன். அது பிழை. 400 கிலோமீட்டர் உயரத்திலும் பூமியின் இழுவை பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் அதில் உள்ளவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால் தரையில் வந்து முட்டாமல் பூமியைச் சுற்றி விழுகிறார்கள். இதை எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் வழி காட்டினான். "பாலத்திலிருந்து கடலுக்குள் குதிக்கும்போது, தண்ணீரைத் தொடும் வரைக்கும் வயிறு கூசுமே, அதுவா?"

அதுவேதான். அவன் சொன்னதையே எழுதி, ஒரு பையன் குதிப்பதுபோல் படம் போட்டோம். அதையும் அவன் பார்த்தான். "கால் இப்படி இருக்காது" என்று வாங்கிலிருந்து குதித்து, முழங்கால் மடங்கும் விதத்தைக் காட்டினான். ஆசிரியை அந்தக் காலை மூன்று முறை அழித்து வரைந்தார்.

கடைசிப் பக்கத்துக்கு எங்கள் கடலையே எடுத்துக்கொண்டோம். செய்மதியை வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் நிறுத்தித் தகவல் அனுப்பலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956இல் கோணேசர் மலையடியில் சுழியோடிப் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர். எடை தெரியாமல் மிதக்கும் அந்த அனுபவமே அவரைக் கடலுக்குள் இழுத்தது. நீருக்கடியில் அவர் மிதக்க, சுற்றிலும் பாண் துகள்களைப் போலவே கண் விழித்த குட்டி மீன்கள்.

அந்தப் பக்கத்தைக் காட்டியபோது பையன் நெடுநேரம் குனிந்து பார்த்தான். பிறகு பாறையின் இடப்பக்கம் விரலை வைத்தான்.

"டீச்சர், இந்த இடத்தில்தான் அப்பா தூண்டில் போடுவார்."