ஈரக் காற்றும் ஒரு 15 வாட் பல்பும்

கல்யாண விருந்தில் வாசித்து முடித்து, சாமான்களை வேனில் ஏற்றும்போது எப்படியும் மணி பன்னிரண்டரை ஆகிவிடும். அதற்கப்புறம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் திறந்திருக்கிற மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஆளுக்கொரு தே தாரிக்கோடு, அதாவது இழுத்து ஆற்றின பால் டீயோடு, உட்கார்ந்தால்தான் எங்களுக்கு உண்மையான கச்சேரி ஆரம்பம். யாருடைய ஒயர் அறுந்தது, எந்த மண்டபத்தில் மேடை ஆடுகிறது, யார் பழைய மைக்கைத் துடைத்துப் புதுசு என்று தலையில் கட்டப் பார்த்தார், எல்லாம் அங்கேதான் தெரியவரும். நான் மிருதங்கம் முறையாகப் படித்தவன். சோற்றுக்குச் செம்பனை ஆலை வேலை, சனி ஞாயிறு இசைக்குழுவில் தபேலாவும் டோலக்கும். அந்த மேசையில் கேட்டதில் எனக்கு நிஜமாகவே கைகொடுத்ததை மட்டும் எழுதிவைக்கிறேன்.

முதலில் வாத்தியத் தோல். தமிழ்நாட்டிலிருந்து வருகிற வீடியோக்களில் 'ஈரம் படாத இடத்தில் வையுங்கள்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். நாலு மணிக்கு மழை பிடித்தால் ராத்திரிவரை சொட்டுகிற, கொடியில் போட்ட துண்டு மறுநாளும் நசநசவென்று இருக்கிற வீட்டில் ஈரம் படாத இடத்துக்கு நான் எங்கே போவேன்? ஈரம் ஏறினால் தோல் தளரும், சுருதி இறங்கும், நாமும் சுத்தியலை எடுத்துப் பின்னலைத் தட்டி ஏற்றிவிடுவோம். அதுவரைக்கும் சரி. சிக்கல் எங்கே என்றால், மழை நாளில் வீட்டிலேயே சுருதி ஏற்றி எடுத்துக்கொண்டு, குளிரூட்டி ஓடுகிற மண்டபத்துக்குள் நுழையும்போதுதான். அங்கே காற்று காய்ந்திருக்கும், தோல் தானாகவே இன்னும் இழுத்துக்கொள்ளும். போன வருஷம் ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குத் தபேலாவோடு அப்படித்தான் போனேன். ஓரத்தில் ரெண்டு தட்டு, சரியாகத்தான் இருந்தது. மூணாவது தட்டில் 'பட்' என்று ஒரு சத்தம். விரலை வைத்துத் தடவிப் பார்த்தால் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல், அது என் கண்முன்னாலேயே மெதுவாக வளர்கிறது. அன்றைக்கு முழுக்க டோலக்கை வைத்தே ஒப்பேற்றினேன்.

அதைக் கேட்டுவிட்டு எங்களோடு வந்திருந்த நாதஸ்வர ஐயா திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "மண்டபத்துக்குப் போனதும் பையத் திறந்து வெச்சிட்டுப் போய்ச் சோறு சாப்பிடுப்பா. அது அந்தக் காத்தக் குடிக்கட்டும். அப்புறம் சுத்தியலத் தொடு" என்றார். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தேன், பாதி நாள் சுத்தியலுக்கு வேலையே இருப்பதில்லை. மத்தியான வெயிலில் காரின் பின்பெட்டிக்குள் வாத்தியத்தைப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கும் இதே கதைதான், என்ன, அங்கே தோல் மட்டுமில்லை, நடுவில் அப்பியிருக்கிற கருப்புப் பூச்சான சோறே வெடித்துவிடும்.

மிருதங்கக்காரர்களுக்கு இன்னொன்று. தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், ஒட்டின ரவையைக் கச்சேரி முடிந்த கையோடு சுரண்டி எடுத்துவிடுங்கள், நாளைக்கு என்று விட்டால் கரப்பான் வந்து ரவையைத் தின்னும், சுவை பிடித்துப்போனால் தோலையும் கொறிக்கும். ஈரத்தை உறிஞ்சும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பழைய காலுறையில் அரிசி கட்டி மிருதங்கப் பைக்குள் போட்டேன். ஒரு மாதத்தில் பைக்குள் வண்டுக் குடும்பமே குடியிருந்தது. (அந்த யோசனையைச் சொன்ன ஆள் இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும்.)

அடுத்தது கரண்ட். ஆடி மாதம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழா. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இப்போது ஆளே கிடையாது, எல்லாரும் பட்டணத்துப் பக்கம் குடிபோய்விட்டார்கள், திருவிழாவுக்கு மட்டும் கார் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஜெனரேட்டர் போட்டு மேடை. கீபோர்டு தம்பி லேப்டாப்பைச் செருகினதும் ஸ்பீக்கர் பெட்டியெல்லாம் 'ம்ம்ம்ம்' என்று இரைகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த இரைச்சலுக்கும் ஒரு சுருதி உண்டு, 5 கட்டைக்குச் சற்று மேலே நிற்கும் (கட்டை என்பது ஆதார சுருதிக்கு நாங்கள் சொல்லும் அளவு). ஒரு கட்டையில் பாடுகிறவருக்கு அது ஓயாமல் பஞ்சமம் போட்டுக் கொடுக்கும், அதுவும் அபஸ்வரமாக. தம்பி திருப்புளியை எடுத்து எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பிளக்கைக் கழற்றி எர்த் ஒயரை அவிழ்க்கப் போனான். பேஸ் கிட்டார் வாசிக்கிற அண்ணன் பாய்ந்து கையைப் பிடித்தார். "தம்பி, அதத் தொடாத. எரைச்சலும் போயிடும், நீயும் போயிடுவ."

அப்புறம் அவர் செய்தது ஒரே காரியம், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினார். கப்சிப். சார்ஜர் அலங்கார விளக்குப் பக்கத்திலிருந்து கரண்ட் எடுக்கிறது, மிக்ஸர் வேறொரு இடத்திலிருந்து. ரெண்டு எர்த் வழி, நடுவில் ஆடியோ ஒயர் பாலம் போட்டிருக்கிறது, அந்தச் சுற்றில்தான் இரைச்சல் ஓடுகிறது. மேடையில் ஒலிக்கு வேண்டியதெல்லாம் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கட்டும், விளக்குக்காரர் தனியாக எடுத்துக்கொள்ளட்டும். அதற்கும் மசியவில்லை என்றால் டிஐ பெட்டி, கீபோர்டு சத்தத்தை மைக் ஒயரில் போகிற மாதிரி மாற்றித் தரும் சின்னப் பெட்டி, அதில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது ஆடியோ ஒயரின் எர்த்தைத்தான் பிரிக்கும், பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும், ஆளுக்கு ஆபத்தில்லை. பேட்டரி வேண்டாத பாஸிவ் வகையே கீபோர்டுக்குப் போதும், நான் 85 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். இன்னொன்று, கீபோர்டிலிருந்து மிக்ஸர்வரைக்கும் பத்து மீட்டர் ஜாக் ஒயரை நேராக இழுக்காதீர்கள். பக்கத்திலேயே டிஐக்குள் விட்டு, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் ஒயரில் (மைக்குக்குப் போடுகிற மூணு முள் ஒயர்) கொண்டுபோங்கள்.

மைக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்எம்58 மாதிரிப் பாடகர் மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம், மானிட்டரை (பாடகருக்குக் கேட்க மேடையில் வைக்கிற ஸ்பீக்கரை) அந்தப் பக்கத்தில் வையுங்கள். வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பாடினால் அந்த மந்தம் போய் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும், உடனே 'கீ' என்று கத்தும். பாடகர் தம்பிகளுக்கு இதை நூறு தடவை சொல்லியாயிற்று. பார்க்க ஸ்டைலாக இருக்கிறதாம்.

எனக்கு உண்மையான வயிற்றெரிச்சல் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பொத்தான். பாடகி காதில் வந்து "அண்ணே, அரை கட்டை கம்மி பண்ணுங்க" என்பார், கீபோர்டுக்காரர் ஒரு அமுக்கு, முடிந்தது. தபேலாவுக்கு எங்கே பொத்தான் இருக்கிறது? நான் வாய் அகலம் வேறுவேறாக மூணு தபேலா தூக்கிக்கொண்டு திரிகிறேன், அகலம் கூடினால் சுருதி இறங்கும். தயவுசெய்து பாட்டுப் பட்டியல் எழுதும்போதே பக்கத்தில் கட்டையையும் எழுதிக் கொடுங்கள். கீபோர்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை: பாட்டு முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்புங்கள். திரும்ப மறந்து, அடுத்த பாட்டில் பேஸும் கீபோர்டும் அரை கட்டை விலகி நின்ற அந்த நாலு விநாடியில் மாப்பிள்ளையே மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்குக் கடையில் எழுந்திருக்கப் போகிற நேரத்தில்தான் ஐயா பல்பு விஷயத்தைச் சொன்னார். அவருடைய நாதஸ்வரம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தது, அதைவிட ஊதுகிற முனையில் செருகும் சீவாளிகளைத்தான் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வார். எச்சில் ஈரத்தோடு டப்பாவில் மூடினால் ரெண்டே நாளில் பூஞ்சை பிடிக்குமாம். அதனால் வீட்டில் ஓர் அலமாரிக்குள், கீழ்த்தட்டில், துணி கிணி படாத மாதிரி 15 வாட் பல்பு ஒன்று எப்போதும் எரிகிறது. எல்இடி கூடாது, சூடுதான் வேண்டும். பழைய குண்டு பல்பு கிடைக்காவிட்டால் ஓவன் அடுப்புக்குள் போடுகிற பல்பு கேட்டு வாங்கலாம்.

மறுநாளே நானும் போட்டேன். கரண்ட் பில் என்னவாகும் என்று வீட்டில் கேட்டாள். முப்பது நாளும் எரிந்தாலும் 11 யூனிட் வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன், நம்பவில்லை. இப்போது அந்த அலமாரியில் மேல்தட்டில் மிருதங்கம், நடுத்தட்டில் மூணு தபேலா, அதற்குப் பக்கத்தில் அவளுடைய அப்பள டின்.