மாமாவுக்கு வந்தது டிங்கி இல்ல

எங்க ஊரு மலேசியாவுல, சிலாங்கூர்ல இருக்கிற பத்தாங் பெர்ஜுந்தை. போர்டுல இப்ப பெஸ்தாரி ஜெயான்னு இருக்கும், ஆனா எங்க வீட்டுல யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. சுத்தியும் செம்பனை, அதான் எண்ணெய் எடுக்குற பனை. மாமாவுக்கு தோட்டத்துல மருந்து அடிக்கிற வேலை, முதுகுல பம்ப்பை மாட்டிக்கிட்டு நாள் பூரா புல்லுக்குள்ளயே நடக்கணும். போன வருசம் மழை நேரத்துல அவருக்கு காய்ச்சல் வந்துச்சு.

இங்க மூணு நாள் காய்ச்சல்னாலே டிங்கிதான், டாக்டருக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல சொல்லிடுவாங்க. அத்தை பப்பாளி இலையை இடிச்சு சாறு எடுத்துட்டாங்க, யாரோ நண்டு சூப்பு குடுக்கச் சொன்னாங்க, நான் போயி ஹண்ட்ரட் பிளஸ் பானம் ஒரு பெட்டி வாங்கிட்டு வந்தேன். டவுன்ல ஒரு பிரைவேட் கிளினிக்குல ரத்தம் எடுத்து என்எஸ்1 டெஸ்ட் பண்ணாங்க, பாக்க அப்படியே கோவிட் கிட் மாதிரிதான், ஒரே கோடு வந்துச்சு. நெகட்டிவ். என்எஸ்1ங்கிறது டிங்கி வைரஸ் ரத்தத்துல விடுற ஒரு புரதம், காய்ச்சலோட முதல் நாலஞ்சு நாள்ல நல்லா தெரியும், அதுக்கப்புறம் குறைஞ்சிடும், அப்ப ஆன்டிபாடியைத்தான் தேடணும். மாமா போனது மூணாவது நாளு. அதனால டிங்கியா இருக்காதுன்னு சொல்லிட்டு பெனடோலு, அமாக்சிலின், ரெண்டு நாள் எம்சி, அதான் மருத்துவ விடுப்பு, குடுத்து அனுப்பிட்டாங்க. அப்ப என்னதான் காய்ச்சல்னு அவங்களும் சொல்லல, நாங்களும் கேக்கல. நெகட்டிவ்னு சொன்னதே எங்களுக்குப் பெரிய சந்தோசம்.

ஆறாவது நாளு கண்ணு ரெண்டும் செவந்து, தலை வெடிக்குதுன்னு சொல்லி, மூச்சு விடவும் கஷ்டப்படவே கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஒரு வெள்ளி கட்டி, நம்பர் எடுத்து, ரொம்ப நேரம் உக்காந்து. உள்ள ஒரு சின்ன வயசு மலாய் லேடி டாக்டர். பழைய ரிப்போர்ட்டைக் கூட பாக்காம முதல்ல கேட்டது "பாக்சிக், கெர்ஜா அபா?" என்ன வேலைன்னு. லாடாங், ராச்சுன் அடிக்கிறேன்னு, அதாவது தோட்டத்துல விஷ மருந்து அடிக்கிறேன்னு, மாமா சொன்னதும் அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க.

அப்புறம் கேள்வியா கேட்டாங்க. எலி இருக்கா? செம்பனையில எலி இல்லாம இருக்குமா, அதைப் பிடிக்கத்தானே கம்பத்துல பெட்டி கட்டி ஆந்தை வளக்குறாங்க. கால்ல காயம் இருக்கா, தண்ணியில நின்னீங்களா, இதெல்லாம் எலி மூத்திரத்தால வர்ற லெப்டோவுக்கு. புல்லுல உக்காந்து சாப்பிடுவீங்களா? ஆமா. உடம்புல எங்கயாவது வலிக்காத புண்ணு இருக்கா? இல்லைன்னுட்டாரு மாமா. அது பொய்.

அக்குள், காதுக்குப் பின்னாடி, இடுப்புன்னு எல்லாம் பாத்துட்டு பேண்ட்டைக் கொஞ்சம் இறக்கச் சொன்னதும் மாமா ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. காய்ச்சல்ல நடுங்குற மனுசனுக்கு அவ்வளவு பலம் எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல. டாக்டருக்குப் புரிஞ்சு போச்சு, ஒரு ஆம்பளை எம்ஏவை, அதான் மருத்துவ உதவியாளரை, கூப்பிட்டு திரையை இழுத்து விட்டுட்டு வெளிய வந்து எங்ககூட நின்னாங்க. ரெண்டு நிமிசத்துல உள்ளேர்ந்து சத்தம், "அடா, டாக்டர்!" இருக்காம். தொடை இடுக்குல, அஞ்சு காசை விட சின்னதா, சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு, சுத்தி செவப்பு வளையம். மாமா ஒரு வாரமா அதுல கோடாலித் தைலம் தடவிக்கிட்டு இருந்திருக்காரு, யாருக்கும் சொல்லாம.

ஸ்க்ரப் டைபஸ். ஒரு சிற்றுண்ணியோட குஞ்சு, கண்ணுக்கே தெரியாது, எலி மேலயும் புல்லுலயும் இருக்கும், கடிச்சா வலிக்காது, ஒரு பத்து நாள் கழிச்சு காய்ச்சல் வரும். கிருமிக்கு ஓரியென்ஷியா சுசுகாமுஷின்னு பேரு, நான் பத்து தடவை சொல்லிப் பழகிட்டேன். அது நம்ம செல்லுக்குள்ளயே புகுந்து குடியிருக்கும், அமாக்சிலின் மாதிரி மருந்தெல்லாம் அதுகிட்ட பலிக்காது. டாக்சிசைக்ளின்தான். 100 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. அந்தப் பொருக்குல கொஞ்சம் சுரண்டி பிசிஆருக்கு, ரத்தம் ஆன்டிபாடிக்குன்னு எடுத்து பெரிய லேப்புக்கு அனுப்பினாங்க, ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்கல, மாத்திரையை அப்பவே போட வெச்சாங்க. ரெண்டு நாளுக்குள்ள காய்ச்சல் விடணும், விடலைன்னா நாங்க வேற எதையாவது யோசிக்கணும்னாங்க. மறுநாள் ராத்திரியே மாமா ரொட்டி சானாய் கேட்டாரு!

மாமா தூங்கினப்புறம் போன்ல இதைப் பத்தித் தேடினா, கதையே நம்ம நாட்டுலதான் இருக்கு. 1948ல அமெரிக்காவிலேர்ந்து ஜோசப் ஸ்மாடெல் குழு குளோராம்பெனிக்காலுங்கிற புது மருந்தை எடுத்துக்கிட்டு கோலாலம்பூர்ல இருக்கிற ஐஎம்ஆருக்கு, அதாவது மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்திருக்காங்க, ஸ்க்ரப் டைபஸுக்கு முதல் முதலா நல்லா கேட்ட ஆன்டிபயாடிக் அதுதான். இன்னொரு கூத்து, ஸ்க்ரப் டைபஸ்னு நினைச்சு மருந்து குடுத்த ஆளுக்கு உண்மையில டைபாய்டாம், ஆனா அதுவும் குணமாயிடுச்சு, அப்படித்தான் டைபாய்டுக்கும் மருந்து கிடைச்சிருக்கு. தப்பா கண்டுபிடிச்சதுல ஒரு நல்லது, இப்படியும் நடக்கும் போல. எங்க தாத்தா காலத்துல கித்தா தோட்டத்துல, அதான் ரப்பர் தோட்டத்துல, டிரெசர்னு சொல்ற தோட்டத்து மருந்துக்காரரு எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே கசப்பு மருந்தை ஊத்துவாருன்னு பாட்டி சொல்லுவாங்க, அதுல எத்தனை பேரு மலேரியான்னு நினைச்சு இதுல போனாங்களோ.

இன்னொண்ணும் பாத்தேன். ரொம்ப முத்திப் போன கேஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேத்து நரம்புல ஏத்தினா தனியா ஒண்ணு குடுக்குறதை விட நல்லா கேக்குதுன்னு 2023ல இந்தியாவுல, வேலூர் சிஎம்சி டாக்டருங்க முன்னால நின்னு செஞ்ச ஆராய்ச்சி, ஏறக்குறைய 800 நோயாளிங்க. இவ்வளவு பழைய நோய்க்கு இப்பத்தான் இந்தக் கேள்வியையே ஒழுங்காக் கேட்டிருக்காங்க. வயக்காட்டுலயும் தோட்டத்துலயும் வேலை செய்றவங்களுக்கு வர்ற நோய்னா அப்படித்தான்னு எனக்கு ஒரு கோவம்.

கிளினிக்கைக் குறை சொல்றதுக்கு இதை எழுதல, சரி, கொஞ்சம் குறை சொல்லத்தான் எழுதுறேன். என்எஸ்1 கிட் ஒழுங்காத்தான் வேலை செஞ்சுச்சு. அதுகிட்ட கேட்டது டிங்கியான்னு ஒரே கேள்வி, அது இல்லைன்னுச்சு. என்ன வேலை பாக்குறீங்கன்னு கேக்க அந்த பிளாஸ்டிக்குக்கு வாயில்லையே, மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவருக்கு இருந்துச்சு.

ரிசல்ட்டு வந்தப்ப மாமா வேலைக்கே போயிட்டாரு, பாசிட்டிவ்தான். இப்ப பேண்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டு, பூட்ஸ் போட்டு, சாப்பிட புல்லுல உக்காராம மருந்து டிரம்மைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காருறாராம். அதுவும் நல்லதில்லன்னு சொல்லிப் பாத்தாச்சு. ஆனா கடையில யாராவது என்னண்ணே ஆஸ்பத்திரியில இருந்தீங்களாமேன்னு கேட்டா, டிங்கிப்பான்னுதான் சொல்றாரு. உண்மையைச் சொன்னா எங்க கடிச்சுச்சுன்னு கேப்பாங்களாம்.