வீட்டு நம்பர் சரி, தெருப் பெயர் தப்பு

ஆப்பிள் அல்லாத என் பழைய லேப்டாப்பில், வேறு கம்பெனி மெஷினிலும் மேக்ஓஎஸ்ஸை பூட் செய்ய வைக்கும் ஓப்பன்கோர் வழியாக, மேக்ஓஎஸ் கேட்டலினாவை ஏற்றி, வைஃபை, டிராக்பேட், சவுண்ட் எல்லாம் சரிக்கட்டியாயிற்று. ஃபேன் மட்டும் ஓயவே இல்லை. சும்மா திறந்து வைத்தாலே மடி சுட்டது.

பிராசசர் வேகத்தைக் கோடாக வரைந்து காட்டும் இன்டெல் பவர் கேட்ஜெட்டைப் போட்டுப் பார்த்தேன். ஐ5 7200யு பிராசசர், 2.5 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.1. கோடு 2.5-இல் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

பழைய சாண்டி பிரிட்ஜ் தலைமுறை பிராசசர் காலத்துக் குறிப்பு ஒன்றை நம்பி ஒரு சாயங்காலம் வீண். ஹாஸ்வெல் தலைமுறையிலிருந்து கதையே வேறு. வேகத்தை ஏற்றி இறக்குவது மேக்ஓஎஸ்ஸுக்குள்ளேயே இருக்கும் எக்ஸ்சிபிஎம். அது விழித்துக்கொள்ள, முதல் கோருக்கு 'பிளகின்-டைப் 1' என்று ஏசிபிஐ (ஹார்டுவேர் விவரத்தை ஓஎஸ்ஸுக்குச் சொல்லும் அட்டவணைகள்) சொல்ல வேண்டும். அதற்குத்தான் எஸ்எஸ்டிடி-பிளக் என்ற குட்டி ஃபைல். (பிந்தைய மான்டரே பதிப்பிலிருந்து அந்த ஃபைலே தேவையில்லை.)

ரெடிமேடாகக் கிடைத்ததைப் போட்டு, ஓப்பன்கோரின் கான்ஃபிக்கில் சேர்த்து, ரீபூட் செய்தேன். அதே நேர்கோடு. மறுபடி ரீபூட். அதே கோடு! மேக்ஓஎஸ் கண்டுபிடித்த ஹார்டுவேர், டிரைவர் பட்டியலான ஐஓ-ரெஜிஸ்ட்ரியில் தேடினால், எக்ஸ்சிபிஎம் விழித்ததற்கு அடையாளமான எக்ஸ்86 பிளாட்ஃபார்ம் பிளகின் மருந்துக்கும் இல்லை. இரண்டாம் நாள் ராத்திரிதான் என் லேப்டாப்பின் டிஎஸ்டிடியை (அதன் முக்கிய ஏசிபிஐ அட்டவணை) எடுத்து, மேசிஏஎஸ்எல் என்ற எடிட்டரில் திறக்கத் தோன்றியது. அதில் பிராசசர்கள் '_பிஆர்' என்பதற்குக் கீழே இருந்தன. நான் போட்ட ஃபைல் '_எஸ்பி'-க்குக் கீழே தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரை மாற்றி, கம்பைல் செய்து, ரீபூட் செய்ததும் கோடு துள்ள ஆரம்பித்தது. வேலை கொடுத்தால் 3.1, விட்டால் 1.3.

இதே வேகக் கட்டுப்பாட்டில் இன்னொரு தொல்லை சிஎஃப்ஜி லாக்: எக்ஸ்சிபிஎம் எழுத வேண்டிய பிராசசர் ரெஜிஸ்டரை பயாஸ் பூட்டி வைப்பது. அதை இன்ஸ்டால் செய்தபோதே பட்டிருந்தேன். பூட் ஆகும்போதே கர்னல் பேனிக், அதாவது ஓஎஸ் அப்படியே விழுந்துவிடும். பயாஸில் அதை எடுக்க ஆப்ஷன் இல்லை. பயாஸ் வேரியபிளையே மாற்றுகிறவர்கள் உண்டு, ஆனால் ஆஃப்செட் (மாற்ற வேண்டிய இடத்தின் எண்) ஒன்று தவறினால் மதர்போர்டே போய்விடலாம். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. ஓப்பன்கோரில் அதைச் சமாளிக்கும் 'ஆப்பிள்எக்ஸ்சிபிஎம்சிஎஃப்ஜிலாக்' என்ற குவிர்க்கை (செட்டிங்) ஆன் செய்து ஒப்பேற்றிவிட்டேன்.

1.3-க்குக் கீழே இறங்காததும் உறுத்தியது. அது, எந்த மேக் என்று காட்டிக்கொள்ள ஓப்பன்கோரில் நான் தேர்ந்தெடுத்த மேக்புக்ப்ரோ14,1 அடையாளத்தோடு வருகிற அளவு. சிபியுஃபிரெண்ட் என்ற கெக்ஸ்ட்டை (டிரைவர் மாதிரியான மேக்ஓஎஸ் ஃபைல்) போட்டு 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினேன்.

இப்போது வீடியோ கன்வர்ட் செய்தால்தான் ஃபேன் சத்தம் கேட்கிறது. மூடித் திறந்தால் டிராக்பேட் செத்துப்போகிறது. அது அடுத்த சனிக்கிழமைக்கு.