395 இடம், 12 கட்சி, ஓர் அரண்மனை

"ராஜா இருக்கிற நாட்டில் எதற்குத் தேர்தல்?" மொராக்கோவில் வேலை பார்க்கிறேன் என்றால் போனில் இந்தக் கேள்வியைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. நடக்கிறது, 5 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, அடிதடி இல்லாமல்தான் நடக்கிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? இங்கே இப்போதெல்லாம் வாக்குப்பெட்டியில் யாரும் கை வைக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரே கட்சி முழுசாக ஜெயித்துவிட முடியாதபடி கணக்கையே போட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் இருப்பது கெனித்ராவில். காருக்கு ஒயரிங் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு. 2021 செப்டம்பர் தேர்தல் நேரத்தில் ஷிஃப்ட் முடிந்து நடந்து வரும் வழியெல்லாம் சுவர்களில் எண் போட்ட கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு கட்சிக்கு. புறா, ட்ராக்டர், தராசு, ரோஜா, கோதுமைக் கதிர், திறந்த புத்தகம், குதிரை, லாம்பு. அரபி எழுத்து தடவித் தடவித்தான் வாசிப்பேன் என்பதால் கட்சிகளை இன்றுவரை சின்னத்தை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறேன். தொழிற்சாலையில் உள்ள பெண்களும் அப்படித்தான் பேசினார்கள்: "எங்கள் ஊரில் ட்ராக்டர்தான்", "அப்பா எப்போதும் கதிர்". கெனித்ராவைச் சுற்றியிருக்கும் கர்ப் சமவெளி முழுக்க விவசாயம். அங்கே ட்ராக்டரும் கதிரும் ஓடாமல் வேறு எது ஓடும்?

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மெக்கா போய் வந்தவர், தெருவே 'ஹாஜ்' என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. ரோஜா கட்சிக்காரர், அதாவது சோஷலிஸ்ட் யூனியன். இப்போது கட்சியின் மேல் கோபம், ஆனால் விட்டுப் போகவும் மனசில்லை. மொராக்கோ அரசியலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் வீட்டு வரவேற்பறையில் புதினா டீயோடு வந்தது. மீதி, அவர் சொன்னது சரிதானா என்று நான் போய்த் தேடிப் படித்தது.

அவர் எப்போதும் தொடங்கும் இடம் 1962. சுதந்திரம் பெற்றபின் எழுதிய முதல் அரசியலமைப்பிலேயே, நாட்டில் ஒற்றைக் கட்சி முறை கூடாது என்று போட்டுவிட்டார்கள். பக்கத்தில் அல்ஜீரியாவிலும் துனிசியாவிலும் விடுதலை வாங்கிக் கொடுத்த கட்சியே நாட்டை மொத்தமாகக் கையில் எடுத்துக்கொண்ட காலம் அது. இங்கே மன்னர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கேட்பதற்கு ஜனநாயகப் பெருந்தன்மை மாதிரி இருக்கும். உண்மையில் அது இஸ்திக்லால் கட்சிக்குப் போட்ட கடிவாளம். 1944இல் விடுதலை அறிக்கையை வெளியிட்ட, தராசுச் சின்னத்து இஸ்திக்லால் அப்போது அவ்வளவு பெரிய கட்சி. 1959இல் மெஹ்தி பென் பர்க்கா முதலானோர் அதிலிருந்து இடதுபக்கமாகப் பிரிந்து போனார்கள். கிராமப்புறத்து அமாசிக் பூர்வகுடி மக்களை வைத்து மஹ்ஜூபி அஹர்தான் நடத்திய கதிர்க் கட்சி இன்னொரு பக்கம். அன்றைக்கு ஆரம்பித்த பிரிவினை இன்னும் ஓயவில்லை.

பிரிந்த கட்சிகள் ஒரு ரகம் என்றால், அரண்மனைக்குப் பக்கத்திலேயே பிறந்த கட்சிகள் இன்னொரு ரகம். 1977 தேர்தலில் அரண்மனைக்கு வேண்டிய சுயேச்சைகள் கூட்டமாக ஜெயித்து வந்தார்கள். மறு வருடமே அவர்களைச் சேர்த்து ஒரு கட்சி. கட்டியவர் அகமது உஸ்மான், மன்னர் இரண்டாம் ஹசனின் மைத்துனர். பெயர், 'சுயேச்சைகளின் தேசியப் பேரணி'. சுயேச்சைகள் சேர்ந்து கட்சி தொடங்குவது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். இன்றைய புறா அதுதான். 1983இல் பிரதமர் பதவியில் இருந்தபடியே மாத்தி பூஅபீத் தொடங்கியது குதிரை. 2008இல் ஆறாம் முகமது மன்னரின் பள்ளித் தோழர் ஃபுவாத் அலீ அல்-ஹிம்மா தொடங்கியது ட்ராக்டர். அவர் பிறகு கட்சியை விட்டுவிட்டு மன்னரின் ஆலோசகராகப் போய்விட்டார். ட்ராக்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உள்துறை அமைச்சராக இத்ரீஸ் பஸ்ரி இருந்த இருபது ஆண்டுகளில், 1979 முதல் 1999 வரை, முடிவுகளை முந்தின நாளே எழுதிவிடுவார்கள் என்பார் ஹாஜ். இந்த இடத்தில் மட்டும் அவர் குரல் ஏறும்.

இப்போது அந்தப் புகார் பெரிதாக இல்லை. 2011இல் 'பிப்ரவரி 20' இயக்கம் தெருவில் இறங்கியபின் புது அரசியலமைப்பு வந்தது. அதன் 47ஆவது பிரிவு, முதலிடம் பெற்ற கட்சியிலிருந்துதான் அரசுத் தலைவரை, அதாவது பிரதமரை, மன்னர் நியமிக்க வேண்டும் என்கிறது. இதற்கு ஒரு பழைய காயம் உண்டு. 2002இல் ரோஜா முதலிடம் வந்தும், எந்தக் கட்சியிலும் இல்லாத இத்ரீஸ் ஜத்தூவைப் பிரதமராக்கினார் மன்னர். ஹாஜ் அதை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் முதலிடம் வந்தவரை நியமித்தால் போதுமா? நாடாளுமன்றத்தில் இருக்கும் 395 இடத்தில் ஆட்சியமைக்க 198 பேர் வேண்டும். 2016இல் லாம்பு, இஸ்லாமியக் கட்சியான நீதி வளர்ச்சிக் கட்சி, 125 இடம் வாங்கியது. இந்த ஊரில் அது பிரம்மாண்டமான வெற்றி. தலைவர் அப்துல் இலாஹ் பென்கிரான் இரண்டாவது முறையாகக் கூட்டணி அமைக்கக் கிளம்பினார். வெறும் 37 இடம் வைத்திருந்த புறா கட்சிக்கு அந்த மாதமே புதுத் தலைவர் வந்தார்: அஸீஸ் அகன்னூஷ், பெட்ரோல் பங்க் சாம்ராஜ்யத்தின் அதிபர், நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். நாங்கள் வர வேண்டுமானால் ரோஜாவையும் சேர்த்துக்கொள் என்று அவர் நிபந்தனை போட்டார். ரோஜாவிடம் இருந்தது 20. பென்கிரான் முடியாது என்றார். 2017 ஜனவரியில் 'பேச்சு முடிந்தது' என்று ஓர் அறிக்கை விட்டார். மாதக்கணக்கில் நாட்டில் புது அரசே இல்லை.

இதில் கூத்து என்னவென்றால், ஆப்பிரிக்க ஒன்றியத்தில் சேரும் ஒப்பந்தத்தை அவசரமாக நிறைவேற்ற வேண்டியிருந்தது. அரசு இல்லாமலே நாடாளுமன்றத்தைக் கூட்டி, சபாநாயகரைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரை? அந்த 20 இடத்து ரோஜாவின் ஹபீப் அல்-மால்கியை. "உங்கள் கட்சிக்குத்தான் யோகம்" என்றேன் ஹாஜிடம். அவர் சிரிக்கவில்லை. மார்ச்சில் பென்கிரானை விலக்கிவிட்டு, அதே கட்சியின் சஅதுத்தீன் அல்-உஸ்மானியை மன்னர் நியமித்தார். அவர் வந்த சில வாரங்களில் ஆறு கட்சிக் கூட்டணி தயார். ரோஜாவும் உள்ளே. 47ஆவது பிரிவை யாரும் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். சட்டப்படி எல்லாம் சரி.

அடுத்து வந்ததுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன கணக்கு. இங்கே தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறை கிடையாது. ஒரு தொகுதியில் பல இடங்கள், கட்சிகள் பட்டியல் கொடுக்கும், வாக்கு விகிதப்படி பங்கு. மொத்த வாக்கை இடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் இடத்தின் 'விலை' கிடைக்கும். அந்த விலையை எத்தனை தரம் கொடுக்க முடிகிறதோ அத்தனை இடம். மிச்சம் இருக்கும் இடங்கள், கையில் மீதி வாக்கு அதிகம் வைத்திருப்பவர்களுக்கு வரிசையாக. 2021இல் இந்த வகுத்தலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினார்கள். செல்லுபடியான வாக்குகளுக்குப் பதில், பதிவுசெய்த மொத்த வாக்காளர்கள்.

எனக்கு முதலில் இது மண்டையில் ஏறவில்லை. சின்னத் திருத்தம்தானே என்றேன். கூம்புச் சர்க்கரையைச் சுற்றி வந்த தடித்த காகிதத்தை ஹாஜ் டீ தட்டின் மேல் நீவி விட்டு, பென்சிலால் எழுத ஆரம்பித்தார். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த கை, கோடு போடாமலே பத்தி நேராக வந்தது.

நான்கு இடமுள்ள ஒரு தொகுதி. பதிவுசெய்தவர்கள் 2,00,000. செல்லுபடியான வாக்கு 80,000. லாம்புக்கு 42,000, புறாவுக்கு 20,000, ட்ராக்டருக்கு 12,000, ரோஜாவுக்கு 6,000. பழைய முறையில் ஓர் இடத்தின் விலை 80,000ஐ 4ஆல் வகுத்து 20,000. லாம்பு இரண்டு இடம் வாங்கிவிடும், புறா ஒன்று. கடைசி இடம் மீதியில் முந்தும் ட்ராக்டருக்கு. ரோஜாவுக்குப் பூஜ்யம். புது முறையில் விலை 2,00,000ஐ 4ஆல் வகுத்து 50,000. யாராலும் கொடுக்க முடியாது! ஆக நான்கு இடமும் மீதிக் கணக்கில் போகும். லாம்புக்கு ஒன்று, புறாவுக்கு ஒன்று, ட்ராக்டருக்கு ஒன்று, ரோஜாவுக்கு ஒன்று. 42,000 வாங்கியவரும் ஒன்று, 6,000 வாங்கியவரும் ஒன்று.

காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "இதில் கள்ள வாக்கு எங்கே இருக்கிறது, காட்டு" என்றார். இத்தனைக்கும் அவர் ரோஜாக்காரர், இந்தத் திருத்தத்தால் லாபம் பார்க்கும் கட்சி.

லாம்பு கட்சி நாடாளுமன்றத்தில் இதை எதிர்த்தது, அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போயும் திருத்தம் நின்றது. கடைசியில் லாம்பை அணைத்தது இந்தக் கணக்கு இல்லை, சொந்த வினை. இரண்டு முறை ஆட்சியில் இருந்து, எரிபொருள் விலைக் கட்டுப்பாட்டை நீக்கி, பிரெஞ்சில் பாடம் நடத்தும் சட்டத்துக்கு இணங்கி, போதாததற்கு 2020 டிசம்பரில் இஸ்ரேலுடன் உறவைப் புதுப்பிக்கும் அறிவிப்பில் அல்-உஸ்மானியே கையெழுத்துப் போட்டு, தன் ஆட்களையே வீட்டில் உட்கார வைத்துவிட்டது. 125ஆக இருந்தது 13 ஆனது. நாடாளுமன்றத்தில் தனிக் குழுவாக இயங்க 20 உறுப்பினர் வேண்டும், அதுவும் இல்லை. ரபாத்தின் 'மரணத் தொகுதி' என்று பேர் வாங்கிய அல்-முஹீத்தில் பதவியில் இருந்த பிரதமரே தோற்றார். கெனித்ரா நகரசபையும் லாம்பு கையில் இருந்ததுதான், அதே நாளில் அதுவும் போயிற்று. ஒரு வேடிக்கை: சின்னக் கட்சிக்கு வாழ்வு தரும் புதுக் கணக்கு இல்லாவிட்டால் அந்த 13கூடத் தேறியிருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. எதிர்த்த கட்சியையே அது காப்பாற்றியது.

முதலிடம் புறாவுக்கு, 102. ட்ராக்டர் 87, தராசு 81. மூன்றும் சேர்ந்து 270. அகன்னூஷ் பிரதமரானார். 2018இல் மக்கள் அவருடைய பெட்ரோலை வாங்க மாட்டோம் என்று சமூக வலைத்தளங்களில் புறக்கணிப்பு நடத்தி மூன்றே ஆண்டு. மொத்தம் 12 கட்சிகளுக்கு இடம். உள்துறை, வெளியுறவு, மத விவகாரம் போன்ற முக்கிய அமைச்சகங்களில் யார் உட்காருவது என்பதில் வழக்கம்போல் அரண்மனையின் சொல்தான். இவர்கள் பங்கு போட்டுக்கொண்டது மீதியை.

பணப்பை வேட்பாளர்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஆனால் அதில் புதுசு ஒன்றும் இல்லை. கிராமத்தில் நிலமும் ஆளும் உள்ள பெரிய மனிதரைக் கட்சிகள் தேடிப் பிடிக்கும். அவர் போன முறை குதிரை, இந்த முறை புறா. பதவிக் காலத்தில் கட்சி மாறினால் பதவி போகும் என்று 61ஆவது பிரிவு தடுக்கிறது. எனவே தேர்தலுக்கு முன்னால் மாறிக்கொள்கிறார்கள்.

2025 செப்டம்பர் கடைசியில் 'ஜென்ஸீ 212' என்று இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அகாதிர் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் போன பெண்கள் அடுத்தடுத்து இறந்ததும், 2030 உலகக் கோப்பைக்கு ஸ்டேடியங்கள் எழும்புவதும் சேர்ந்து கிளப்பிய கோபம். டிஸ்கார்ட் என்ற இணைய அரட்டைத் தளத்தில் கூடிப் பேசி, பள்ளியும் ஆஸ்பத்திரியும் கேட்டார்கள். அரசைக் கலைக்கச் சொல்லி அவர்கள் மனுக் கொடுத்தது யாரிடம்? எதிர்க்கட்சியிடம் இல்லை. நேரே மன்னரிடம். கட்சிகளை அவர்கள் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. இத்தனை ஆண்டு போட்ட கணக்கு நன்றாகவே வேலை செய்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். அதன்பிறகு 35 வயதுக்குட்பட்ட வேட்பாளர்களின் பிரசாரச் செலவில் 75 சதவீதம் வரை அரசு தருவதாக ஒரு மசோதா வந்தது. பார்க்கலாம்.

ஹாஜின் பேரன் கல்லூரியில் படிக்கிறான், அந்தப் போராட்டங்களுக்குப் போய் வந்தவன். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. இங்கே 18 வயதானால் தானாகப் பெயர் ஏறாது, நாமே பதிய வேண்டும். அதற்கு மனசில்லாதவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 2021இல் 50 சதவீதம் வாக்களித்தார்கள் என்பதும் பதிந்தவர்களில் பாதி என்றுதான் அர்த்தம்.

"இணையத்திலேயே பதியலாமே" என்று தாத்தா நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"பதிந்துவிட்டு வாக்குப் போடாமல் வீட்டில் இருந்தால்?" என்று கேட்டான் பேரன், சீண்டுவதற்காகத்தான்.

"அப்போதும் உன்னை வகுத்தல் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். இடத்தின் விலை ஏறும். உன் புண்ணியத்தில் ஏதோ ஒரு சின்னக் கட்சிக்கு எம்.பி. கிடைப்பான். எந்தக் கட்சி என்று மட்டும் உன்னிடம் கேட்க மாட்டார்கள்."